என் ஓரகத்தியின் வயிறு

கல்யாணமாகித் துடியலூர் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே என் ஓரகத்தி மீது எனக்குப் பொறாமை வந்துவிட்டது. அவர் கழுத்தில் கிடந்த சங்கிலியைப் பார்த்தோ, இடுப்பைத் தாண்டித் தொங்கிய பின்னலைப் பார்த்தோ வரவில்லை. காலையில் அவர் கக்கூஸுக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிற வேகத்தைப் பார்த்து வந்தது.

இப்போது எழுதும்போது சிரிப்பாக இருக்கிறது. அப்போது அழுகைதான் வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். என் கணவரும் அவருடைய அண்ணனும் வீட்டை ஒட்டியே ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார்கள். மோட்டார் பம்புக்கு வேண்டிய உதிரிபாகங்களைக் கடைந்து கொடுப்பார்கள். மாமனார் காலமாகிவிட்டார். வீட்டில் மாமியார், அண்ணன், அவர் மனைவி, பிறகு நாங்கள் இரண்டு பேர். பழைய ஓட்டு வீடு. பின்பக்கம் பொடக்காலி. அங்கே துவைக்கிற கல், தண்ணீர்த் தொட்டி, ஒரு முருங்கை மரம், மூலையில் தகரக் கதவு போட்ட ஒரே ஒரு கக்கூஸ். சமையலறை ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே அந்தக் கதவு. யார் போகிறார்கள், எவ்வளவு நேரமாக உள்ளே இருக்கிறார்கள் என்பதெல்லாம் அடுப்படியில் நிற்பவருக்குத் தெரியும். உள்ளே சொம்பைக் கீழே வைக்கிற சத்தம்கூட வெளியே கேட்கும்.

நான் ஆர்.எஸ்.புரத்தில் வளர்ந்தவள். அப்பா ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிற வேலையில் இருந்தார். சின்ன வாடகை வீடுதான். ஆனாலும் கக்கூஸ் வீட்டுக்குள்ளே, மரக் கதவோடு இருந்தது. குழாயில் சிறுவாணித் தண்ணீர் வந்தது. துடியலூரில் எங்கள் வீதிக்கு அப்போது போர் தண்ணீர்தான், வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். தண்ணீர் மாறியதாலா, கூச்சத்தாலா, காலையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற அவசரத்தாலா என்று தெரியாது. கல்யாணத்தன்று இறுகின வயிறு இறுகினபடியே இருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகும் நான் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. டீச்சராக இருந்தேன். எட்டு மணிக்குள் பஸ் ஏற வேண்டும். காலையில் தகரக் கதவுக்குள் போய் உட்காருவேன். வெளியே மாமியார் வாளியை நகர்த்துவார். பட்டறைக்குப் போக வேண்டிய அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு முருங்கை மரத்தடியில் நிற்பார். அந்தச் செருமல் கேட்டதும் என் வயிறு நத்தை மாதிரி உள்ளே சுருங்கிக்கொள்ளும். ஒன்றும் நடக்காமல் எழுந்து வந்து, தலைகுனிந்து கால் கழுவிக்கொண்டு உள்ளே ஓடுவேன்.

ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்தியூர்ப் பக்கம் ஒரு மேட்டுக்காட்டு ஊரிலிருந்து வந்தவர். எனக்கு நாலு வருடத்துக்கு முன்பே இந்த வீட்டுக்கு மருமகளாக வந்துவிட்டார். காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, "பாலைப் பாத்துக்க கண்ணு, வாரேன்" என்று சொல்லிச் சொம்போடு போவார். பால் பொங்குவதற்குள் திரும்பி வந்துவிடுவார். முகம் தெளிந்திருக்கும். ஏதோ துளசிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தவரைப் போல அடுத்த வேலையைப் பார்ப்பார். பிறகு உட்கார்ந்து நாலு தோசை சாப்பிடுவார். நான் ஒரு தோசையைப் பிய்த்து வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"உங்களுக்கு எப்பவுமே இப்படித்தானாக்கா?"

"எப்படி?"

"இல்ல... போனதும் வந்தர்றீங்க..."

நான் எதைக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரியவே சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் கண்ணை அகல விரித்துக்கொண்டு, "அதுல என்ன கண்ணு இருக்குது? வருது, போறேன்" என்றார்.

வருது, போறேன். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு 'அ' எழுதிக் காட்டும்போதும் அந்த இரண்டு வார்த்தைதான் மனதில் ஓடியது. ஒரே சட்டியில் வடித்த சோறு, ஒரே தொட்டித் தண்ணீர். அவருக்கு மட்டும் வருகிறது, போகிறார்.

வயிறு இறுகினால் வயிறு மட்டும் கெடுவதில்லை. எனக்கு நெற்றியெல்லாம் பரு கிளம்பியது. மாலையானால் தலை கனத்தது. கோபம் மூக்கு நுனியில் நின்றது. வீட்டுக்கு வருகிற ஒரம்பரைச் சொந்தக்காரர்களெல்லாம் எங்கள் இருவரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார்கள். "சின்னவ ஏன் இப்படி வாடிக் கெடக்கறா? பெரியவளப் பாரு, நேத்துக் கண்ணாலம் ஆனவளாட்ட இருக்கறா" என்று ஒரு அம்மாள் என் முன்னாலேயே சொன்னார். அக்கா வெட்கப்பட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பும் அவருக்கு அழகாக இருந்தது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

மாமியாரின் அறையில் சுவரலமாரி ஒன்று இருந்தது. அதன் மேல்தட்டில் வரிசையாகப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களும் டப்பாக்களும் இருக்கும். பொழுது சாய்ந்ததும் அதில் ஏதாவது ஒன்றை எடுத்து, வெந்நீரில் கலந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பார். கை வலிக்கு, கால் வலிக்கு என்று முதலில் நினைத்திருந்தேன். காலையில் அவர் தகரக் கதவுக்குள் இருக்கிற நேரத்தை வைத்துப் பார்த்த பிறகுதான் அது எதற்கு என்று புரிந்தது. அவரும் என் கட்சிதான். ஆனால் வந்து சில மாதங்களே ஆன மருமகள் மாமியாரிடம் போய் எப்படிச் சொல்வது, எனக்கும் போகவில்லை என்று?

அதனால் சொல்லவில்லை. ஒரு மாலை, அவர் கோயிலுக்குப் போயிருந்தபோது, அலமாரியைத் திறந்து மஞ்சள் மூடி போட்ட டப்பாவை எடுத்தேன். காய்ந்த மருதாணிப் பொடி மாதிரி ஒன்று இருந்தது. அவர் அதைத்தான் அடிக்கடி எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு எடுப்பார் என்று பார்த்ததில்லை. ஒரு கரண்டி நிறைய அள்ளி, வெந்நீரில் கலக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டேன்.

மறுநாள் காலை வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. வகுப்பில் இருக்கும்போது ஆரம்பித்தது. துணியைப் பிழிகிற மாதிரி யாரோ உள்ளே பிடித்து முறுக்கினார்கள். கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வகுப்பு டீச்சர் என் முகத்தைப் பார்த்துப் பயந்து ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார். மேட்டுப்பாளையம் ரோட்டின் குண்டும் குழியும் ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்தது. வீட்டு வாசலில் இறங்கி, செருப்பைக்கூடக் கழற்றாமல் பொடக்காலிக்கு ஓடினேன்.

நாலைந்து தடவை போய்வந்து சுவரோரம் சுருண்டு கிடந்தேன். மாமியார் வந்து எதிரே நின்றார்.

"எந்த டப்பா?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "மஞ்ச மூடி போட்டதுங்க அத்தை."

"எத்தன எடுத்தே?"

"ஒரு கரண்டிங்க."

"அட கெரகமே! நெலாவாரை அது. நான் சிட்டிகையில எடுக்கறதைக் கரண்டியில அள்ளிக் குடிச்சுப்போட்டயா?"

திட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். குரலைத் தாழ்த்தி, ஏதோ நல்ல சேதி கேட்பவரைப் போல, "உனக்குமா கண்ணு?" என்றார்.

அந்தக் கேள்வியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை மாதமும் அடக்கி வைத்திருந்ததைச் சொன்னேன். தகரக் கதவு, அண்ணனின் செருமல், பஸ், எல்லாவற்றையும். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். உப்பும் சர்க்கரையும் போட்டு எலுமிச்சம்பழத் தண்ணீர் கலக்கிக் கொடுத்தார். "நெலாவாரையெல்லாம் தெனமும் எடுக்கக் கூடாது. எடுத்துப் பழகிட்டா அது இல்லாம கொடலு அசையாது. நான் பழகிக் கெட்டுப்போனேன். நீ கெட்டுப்போகாதே" என்றார்.

அன்றிலிருந்து நானும் அவரும் கூட்டாளிகள் ஆனோம். சனிக்கிழமை மதியம் பள்ளிக்கூடம் விட்டதும் அவர் டவுன் பஸ்ஸில் வந்து எனக்காகக் காத்திருப்பார். இரண்டு பேருமாகப் பெரிய கடை வீதிக்குப் போவோம். நாட்டு மருந்துக் கடையில் சாக்குப் பைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, கடைக்காரரிடம் நாசூக்காக, "வயித்துக்குங்க" என்பார். கடுக்காய் வாங்கிவந்து, கொட்டையை நீக்கி, தோலை மட்டும் இடித்துச் சலித்தோம். வாயெல்லாம் துவர்த்தது. அந்த மருந்து அவருக்குக் கேட்டது, எனக்குக் கேட்கவில்லை. இசப்கோல் உமியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தோம். கொழகொழவென்று தொண்டையில் நின்றது. அகத்திக்கீரை, வாழைத்தண்டு, கொய்யாப்பழம், பப்பாளி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். வெள்ளை அரிசிச் சோற்றைக் குறைத்து இரவில் கம்பஞ்சோறு ஆக்கினார். கடைசியில் எனக்கென்று அமைந்தது காய்ந்த கறுப்புத் திராட்சை. ஒரு கைப்பிடியைக் கழுவி மாலையிலேயே ஊறப்போட்டு, காலையில் அந்தத் தண்ணீரோடு பிசைந்து குடித்து, மேலே ஒரு சொம்பு வெதுவெதுப்பான தண்ணீரும் குடிக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய மருந்து ஒன்றை மாமியார் தாமாகவே செய்தார். நான் சொம்பை எடுத்ததும் அவர் அடுப்படிக்குப் போய் ஜன்னலைச் சாத்துவார். ரேடியோவைச் சத்தமாக வைப்பார். பெரிய மகன் பின்பக்கம் வந்தால், "அங்க என்ன வேல உனக்கு? முன்னால போயி உக்காரு" என்று விரட்டுவார். யாரும் கேட்காத, யாரும் காத்திராத ஒரு கால் மணி நேரம் எனக்குக் கிடைத்தது. வயிறு மெல்ல மெல்ல இளகியது.

எனக்கு முகம் தெளியத் தெளிய, அக்காவின் முகம் வாடத் தொடங்கியதை நான் கவனித்தேன். கவனித்ததில் ஒரு சந்தோஷமும் இருந்தது. சனிக்கிழமை நாங்கள் திரும்பி வரும்போது மாமியார் வாங்கிக் கொடுத்த மல்லிகைப்பூ என் தலையில் இருக்கும். அக்காவுக்கும் ஒரு முழம் இலையில் கட்டி வரும். ஆனால் நான் கடை வீதியில் வைத்துக்கொண்டது, அவர் வீட்டில் வைத்துக்கொள்வது. இரண்டும் ஒன்றல்ல என்று எங்கள் இருவருக்குமே தெரியும். மாலையில் நானும் மாமியாரும் கீரையை ஆய்ந்துகொண்டு, "இன்னைக்கு எப்படி?", "பரவால்லீங்க, உங்களுக்கு?" என்று குசுகுசுப்போம். அக்கா வந்தால் பேச்சு நின்றுவிடும். அவரிடம் பேச அந்த விஷயத்தில் ஒன்றும் இல்லையே.

மேட்டுப்பாளையத்தில் மாமியாரின் தம்பி பேத்திக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். அதற்கு முந்தின நாள் மாலை. மாமியார் டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா கதவோரம் வந்து நின்று, சேலை முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்னார்:

"அத்தை, எனக்கும் ரெண்டு நாளா வெளிக்கிப் போகலீங்க."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அன்று காலையும் அதற்கு முந்தின காலையும் பால் பொங்குவதற்குள் அவர் போய்வந்ததை என்னைவிட யார் அறிவார்? அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை.

மாமியாரின் முகம் மலர்ந்துவிட்டது. "உனக்கா? அட, சொல்லக் கூடாதா கண்ணு? இத்தன வருசத்துல இப்பத்தான் மொதல் தடவ" என்று எழுந்தார். புதிதாகச் சேர்ந்தவருக்குச் சாதாரணமாகக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. விளக்கெண்ணெய்ப் பாட்டிலை எடுத்தார். சூடான பாலில் ஊற்றி, ஆற்றி, தாமே வாயருகே கொண்டுபோய்க் கொடுத்தார். "மூக்கைப் புடிச்சிட்டு ஒரே மொடக்கு" என்றார். அக்கா மறுபேச்சுப் பேசாமல் குடித்தார். மாமியார் அவர் முதுகைத் தடவிவிட்டார். நான் நிலாவாரை சாப்பிட்ட அன்றுகூட என் முதுகைத் தடவவில்லை.

காலையில் அக்காவால் நிமிர முடியவில்லை. நல்ல வயிற்றில் ஊற்றின எண்ணெய் அதன் வேலையைக் காட்டிவிட்டது. தகரக் கதவு மூடித் திறந்து மூடித் திறந்து ஓயவில்லை. காதுகுத்துக்கு எடுத்து வைத்திருந்த பட்டுச்சேலை கொடியிலேயே தொங்கியது. மாமியார் கட்டின சேலையை அவிழ்த்து, வீட்டுச் சேலைக்கு மாறினார்.

"நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. நான் இவளைப் பாத்துக்கறேன்."

"உங்க தம்பி ஊட்டு விசேசமுங்க அத்தை. நான் வேணா இருக்கறேன்" என்றேன்.

"உனக்கென்ன தெரியும்? நீ போ" என்றார்.

உனக்கென்ன தெரியும். பெரிய கடை வீதியில் அவரோடு கடுக்காய் பொறுக்கின எனக்கு! பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மேட்டுப்பாளையம் வரை அதையே நினைத்து நினைத்துப் பொருமினேன். பொய்யாகச் சொன்னவருக்கு முதுகு தடவல், எலுமிச்சைத் தண்ணீர், பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க ஒரு ஆள். பாக்குத் தோப்புகளைக் காட்டி என் கணவர் ஏதோ சொன்னார். காதில் விழவில்லை. பந்தியில், "உங்க அத்தை வல்லியா?" என்று கேட்ட ஒவ்வொருவரிடமும், "அக்காவுக்கு வயிறு செரியில்லீங்க" என்று சொன்னபோது எல்லோரும் கண்ணில் ஒரு மினுக்கத்தோடு, "ஏதாச்சும் விசேசமா?" என்றார்கள். அது வேறு எரிச்சல்.

மாலையில் திரும்பி வந்தோம். மாமியார் மோர் ஊற்றிக் குழையப் பிசைந்த சோற்றை அக்காவுக்கு உருட்டி உருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் காதுகுத்து வீட்டுத் தாம்பூலப் பையை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். சற்று நேரத்தில் மாமியார் பால் வாங்க வெளியே போனார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து என் அறை வாசலில் நின்றார்.

"கண்ணு, கோவமா?"

"எனக்கென்ன கோவம்."

"உனக்குத் தெரியுமில்ல? நான் பொய் சொன்னேன்னு?"

"தெரியும். தெனமும் பாக்கறேனே."

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். உதடெல்லாம் காய்ந்திருந்தது.

"நாலு வருசமாச்சு நான் வந்து. வாரவங்க போறவங்க எல்லாம் விசேசமா விசேசமான்னு கேக்கறாங்க. அத்தை மட்டும் என்கிட்ட அதப் பத்தி ஒரு வார்த்த கேட்டதில்ல. நல்லதுக்குத்தான் கேக்கலன்னு இருந்தேன். ஆனா வேற எதுவும் கேக்கறதில்ல கண்ணு. சாப்புட்டயா, தூங்குனயா, ஒண்ணும் கெடையாது. நீ வந்த பொறவு பாத்தா, எந்நேரமும் உன்ற வயித்தப் பத்தியே பேச்சு. பூ வாங்கித் தர்றாங்க, சன்னலச் சாத்தறாங்க. என்ற வயித்த ஒரு நாளாச்சும் கேக்கட்டுமேன்னு தோணுச்சு. அதுதான்."

என் வாயில் வந்தது உண்மைதான்.

"நீங்க வேறக்கா. வந்த நாள்ல இருந்து உங்களப் பாத்துப் பாத்து எனக்கு வயிறு எரியுது."

"என்னப் பாத்தா? எதுக்கு?"

"பால் பொங்கறதுக்குள்ள வந்தர்றீங்களே, அதுக்குத்தான்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று முகம் மாறி, "அய்யோ" என்று எழுந்து சுவரைப் பிடித்தபடி பொடக்காலிக்கு ஓடினார். நான் அடுப்படிக்குப் போய் ஜன்னலைச் சாத்தினேன்.

அதோடு பொறாமை தீர்ந்துபோனது என்று சொன்னால் பொய். ஆறு மாதம் தள்ளி அக்கா முழுகாமல் இருந்தார்.

வீடே மாறிப்போனது. அண்ணன் தினமும் ஏதாவது பழத்தோடு வந்தார். கடையிலிருந்து வந்த அத்தனை ஆரஞ்சும் அவர் தட்டுக்குப் போனது. மாமியார் அவரைக் குனிய விடவில்லை, வாளியைத் தொட விடவில்லை. நான் பஸ்ஸில் போகும்போது கர்ப்பிணிகளை மட்டுமே பார்த்தேன். என் கணவரிடம் ஒருநாள் முணுமுணுத்தேன். "அவுங்க அஞ்சு வருசம் காத்திருந்தாங்க அம்மணி. நமக்கு இப்பத்தான் ஒண்ணு முடிஞ்சிருக்குது" என்றார். நியாயம்தான். எனக்கு மகள் பிறக்க அதற்கு மேலும் இரண்டு வருடம் இருந்தது. அது எனக்கு அன்றைக்குத் தெரியாதே. தெரிந்திருந்தாலும் எரியாமல் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

டாக்டரம்மா அக்காவுக்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைச் சாப்பிட ஆரம்பித்ததும், அத்தனை வருடம் கடிகாரம் மாதிரி நடந்த வயிறு நின்றுபோனது. இந்தத் தடவை பொய் இல்லை. தகரக் கதவுக்குள் போனவர் பால் பொங்கி, இறக்கி, காபி ஆறின பிறகும் வரவில்லை. மாமியார் அலமாரியை நோக்கிப் போனதைப் பார்த்து நான் முன்னால் போய் நின்றேன். டாக்டரம்மாவிடம் நானும் போயிருந்தேன். விளக்கெண்ணெய், நிலாவாரை இரண்டையும் கர்ப்பிணி தொடவே கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதைச் சொன்னதும் மாமியார் திகைத்துப்போய், டப்பாக்களை எல்லாம் மேலே அட்டாலிப் பரணில் ஏற்றச் சொல்லிவிட்டார்.

அன்று மாலை அக்கா என்னிடம் வந்தார்.

"கண்ணு, நீ ஊறப்போடுவயே, அந்தத் திராட்ச. எனக்கும் சித்தே ஊறப்போடறயா? டாக்டரம்மா அது சாப்புடலாம்னாங்க."

இரண்டு டம்ளர் எடுத்தேன். இரண்டிலும் திராட்சையைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். என்னுடையதில் போட்டதைவிட அவருடையதில் கொஞ்சம் அதிகமாகவே போட்டேன். அப்படிப் போட்டபோதும் எனக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. கை ஒன்று செய்தது, மனசு ஒன்று செய்தது. பிள்ளையும் அவருக்கு, இப்போது இந்தச் சிக்கலும் அவருக்கா? இந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே உபாதை அதுதானே. அதையும் வாங்கிக்கொண்டுவிட்டார் என்றே தோன்றியது.

மாதக்கணக்கில் தினமும் அந்த இரண்டு டம்ளரை வைத்தேன். பிசைந்து கொடுத்தேன். கொய்யாப்பழத்தை நறுக்கிக் கொடுத்தேன். மாலையில் இருவரும் வீதிக் கோடி வரை நடந்துவிட்டு வந்தோம். நடக்கும்போது அவர் என் தோளைப் பிடித்துக்கொள்வார். தினமும் காலையில் அவர் வெளியே வந்து, கால் கழுவும்போது அடுப்படி ஜன்னலைப் பார்த்து லேசாகத் தலையசைப்பார். ஆயிற்று என்று அர்த்தம். எனக்கு அந்த நேரத்தில் வருகிற நிம்மதி நிஜம். அதற்கு அடுத்த நிமிடமே அவர் வயிற்றைப் பார்த்து வருகிற எரிச்சலும் நிஜம்.

வளைகாப்பு முடிந்து அவர் அந்தியூருக்குப் போனார். ஆண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு ஒன்றரை மாதம் ஆனபோது நானும் மாமியாரும் சீர்த் தட்டோடு பார்க்கப் போனோம். கல்யாணத்துக்கு எடுத்த என் ஒரே நல்ல பட்டுச்சேலையைக் கட்டியிருந்தேன். அந்தியூர் வீட்டின் முன்கூடமான ஆசாரத்தில் பாய் விரித்து உட்காரவைத்தார்கள். அக்கா கொஞ்சம் சதை போட்டு, இன்னும் அழகாகியிருந்தார். நாங்கள் போன நேரத்தில் அவருடைய அம்மா கவலையாக இருந்தார்.

"கொழந்த மூணு நாளா வெளிக்கிப் போகலீங்க சம்மந்தி. வெரல்ல ஒரு சொட்டு வெளக்கெண்ணெய் தொட்டு வெக்கலாமான்னு பாக்கறேன்."

மாமியார் வழக்கமாகத் தாம்தான் பதில் சொல்வார். அன்றைக்கு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு கண்ணு. டாக்டரம்மாகிட்ட இதெல்லாம் கேட்டவ நீதான்."

"வெக்காதீங்க" என்றேன். "தாய்ப்பால் மட்டும் குடிக்கற கொழந்தைங்க சிலது நாலஞ்சு நாள் கழிச்சுக்கூடப் போகும்னு சொன்னாங்க. நல்லாப் பால் குடிக்கறானுங்களா?"

"அதெல்லாம் குடிக்கறான்" என்றார் அக்கா.

"வயிறு கல்லாட்ட இல்லியே?"

"நீயே பாரேன்" என்று குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

வந்ததிலிருந்து நான் அவனைத் தள்ளி இருந்துதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் வாங்க எனக்குப் பயம், குழந்தையைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. கையில் வாங்கினால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று நினைத்தேன். அவன் உடம்பு உள்ளங்கைச் சூட்டில் இருந்தது. வயிற்றில் மெதுவாகக் கையை வைத்தேன். மெத்தென்று இருந்தது. கொட்டாவி விட்டான். முகம் சிவந்து ஒரு முக்கு முக்கினான். மூன்று நாள் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் என் பட்டுச்சேலையில் போட்டான்.

ஆசாரமே சிரித்தது. மாமியார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அக்கா, "அய்யோ, பட்டுச்சேலை!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அவருடைய அம்மா பதறி ஓடிவந்து கையை நீட்டினார். "குடுங்க, குடுங்க. நான் கழுவிட்டு வாரேன். நீங்க சேலைய மாத்துங்க."

குழந்தை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாரம் இறங்கின சுகத்தில் காலை உதைத்தான்.

"இருக்கட்டுமுங்க. நானே கழுவறேன்" என்று அவனை அப்படியே தூக்கிக்கொண்டு எழுந்து, தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம் என்று கேட்டேன்.